குறிப்புச்சட்டம் ஆடுகிறதா? இலக்கியக் கட்டுரையை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிர்வரிசையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், தமிழ்த் தட்டச்சு. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று உட்கார்ந்த நாற்காலி. இன்னும் எழுந்திருக்கவில்லை. பருவத் தேர்வுக் கட்டுரை, கருத்தரங்கக் கட்டுரை, முனைவர் பட்ட இயல் என்று எல்லாம் இந்த மேசைக்குத்தான் வரும். வாசித்துக்கொண்டே அடிக்கிறவன் என்பதால் எந்தப் பக்கத்தில் கட்டுரை ஆடுகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

பக்கத்துக் கடை டூவீலர் மெக்கானிக் அண்ணாச்சி, வண்டியைத் தொடும் முன்னால் “என்ன சத்தம் வருது?” என்றுதான் கேட்பார். நானும் அதே வழிதான். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு சத்தம். உங்களுக்குக் கேட்கிற சத்தத்தை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கட்டுரைக்கு மேலே கட்டம் போட்டு முன்னுரை, அது, இது, முடிவுரை என்று எழுதினோமே, குறிப்புச்சட்டம், அது பள்ளிக்கூடத்துக்குச் சரி. அதில் இருப்பவை வெறும் தலைப்புகள். கல்லூரிக் கட்டுரைக்கான சட்டத்தில் முழு வாக்கியங்கள் இருக்க வேண்டும். ஏ-4 தாளில் ஒரு பக்கம், பென்சில். மேலே ஒரே வாக்கியம்: இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது. துறையில் அதைக் கருதுகோள் என்பார்கள். கீழே அதைத் தாங்கும் மூன்று நான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கதையிலிருந்தோ பாட்டிலிருந்தோ எடுத்த இடமும் பக்க எண்ணும். பழுதுபார்ப்பதெல்லாம் இந்தத் தாளில்தான். அடித்து முடித்த 12 பக்கத்தில் கை வைத்தால் எனக்குத்தான் வருமானம்.

அறிகுறி: வாசித்தவர் “சரி, அதுக்கென்ன?” என்கிறார்

அதிகம் வருவது இதுதான். தப்பு ஒன்றும் கண்ணில் படாது. எழுத்துப்பிழை இல்லை, மேற்கோள் இருக்கிறது, பக்கமும் நிறைந்திருக்கிறது. ஆனால் படித்து முடித்தவர் முகத்தில் ஒன்றும் இருக்காது.

முதலில் பத்து நிமிடச் சோதனை. மேலே எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை, அதே கதையைப் படித்த ஒரு கூட்டாளியிடம் டீக்கடையில் வைத்துச் சொல்லுங்கள். அவன் “ஏலே, அப்படி இல்லலே” என்று சண்டைக்கு வர வழி இருக்கிறதா? இல்லை என்றால் அது தலைப்புதான், கருதுகோள் இல்லை. “கி.ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில் வறுமை சித்திரிக்கப்பட்டுள்ளது.” இதை யார் மறுப்பார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்துக்குச் சான்று தேடுவது, விடிந்துவிட்டது என்று நிரூபிக்க விளக்கு ஏற்றுகிற மாதிரி.

காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

வினைச்சொல் காரணமாக இருக்கலாம். சித்திரிக்கப்பட்டுள்ளது, காணப்படுகிறது, வெளிப்படுகிறது, எடுத்தியம்பப்படுகிறது. இந்த நான்கையும் பென்சிலால் அடியுங்கள். அடித்த இடத்தில் “எதை வைத்து?” என்று எழுதுங்கள். வறுமை எதை வைத்துக் காட்டப்படுகிறது? கதையைத் திருப்புங்கள். முதல் காட்சியில் குழந்தைகள் வண்டி விளையாட்டாக டிக்கெட் வாங்கிக் கதவில் ஏறி ஆடுகிறார்கள். திருநெல்வேலி வந்ததும் இறங்குகிறார்கள். (நம் ஊர்ப் பெயர் வருகிற இடம் என்பதால் இங்கே பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும்.) பிறகு தீர்வை (நிலவரி) பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். குழந்தைகளுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. வாயாலேயே மேளம் கொட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள். கதவு இல்லாத வீட்டுக்குள் குளிர் வருகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது.

இப்போது வாக்கியத்தைத் திரும்ப எழுதிப் பாருங்கள். “‘கதவு’ கதையில் வறுமை பெரியவர்களின் பசியாக வருவதைவிட, குழந்தைகளின் விளையாட்டு பறிபோவதாகவே வருகிறது, அதனால்தான் ஒரு மரப்பலகைக்கு ஓர் உயிரின் கனம் வந்துவிடுகிறது.” இதற்கு ஆள் வருவான். “வீட்டில் பெரியவர்கள் படும் பாடும்தானே கதையில் இருக்கு?” என்பான். வரட்டும். அவனுக்குச் சொல்லும் பதில்தான் உங்கள் இரண்டாம் உட்தலைப்பு.

வினையை மாற்றியும் “அதுக்கென்ன” போகவில்லையா? அடுத்தது தலைப்பின் அகலம். பெண்ணியம், மனிதநேயம், சமுதாயச் சிந்தனை என்று பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார்கள். அது உங்கள் குற்றமில்லை. தலைப்பை மாற்ற முடியாது, ஆனால் அதற்குள் ஒரு பொருளைப் பிடிக்கலாம்: ஒரு கதவு, ஒரு நாணயம், ஒரு வாசல், திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல். பெரிய சொல்லுக்குள் கைக்கு அடக்கமான ஒரு பொருளைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆகும்.

மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். கதையைப் படிக்கவில்லை, கதையைப் பற்றிய நோட்ஸைப் படித்திருக்கிறார்கள். சோதனை எளிது. புத்தகத்தை மூடிவிட்டு, நோட்ஸில் இல்லாத ஒரு சின்ன விஷயத்தைக் கதையிலிருந்து சொல்லச் சொல்வேன். மேளம் கொட்டிக்கொண்டு போனதைச் சொன்னால் படித்திருக்கிறாள். “அது வந்து அண்ணாச்சி” என்றால், போய்ப் படித்துவிட்டு வா, அதற்குள் நான் வேறு வேலை பார்க்கிறேன் என்று அனுப்பிவிடுவேன்.

ஆசிரியரைப் பார்க்க வேண்டிய இடம்: கதையை இரண்டாம் முறையும் படித்துவிட்டு, ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு வாக்கியங்களோடு நிற்கிறீர்கள், எதை எடுப்பது என்று தெரியவில்லை. அப்போது நெறியாளரிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் அவர் இன்னொரு பட்டியல்தான் கொடுப்பார். இரண்டு வாக்கியத்தோடு போனால் உட்காரச் சொல்வார்.

என்னிடம் அந்த வாக்கியத்தை எழுதித் தரச் சொல்லாதீர்கள். ஒருதடவை எழுதிக் கொடுத்தேன். எம்.ஃபில். இருந்த காலம். மறுநாள் வாய்மொழித் தேர்வு என்று ஒரு பிள்ளை கண் கலங்கி நின்றாள். நல்ல வாக்கியம்தான், எனக்கே பெருமையாக இருந்தது. தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் கடையில் பைண்டிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதிலிருந்து கேள்விதான் கேட்பேன், வாக்கியம் தருவதில்லை.

அறிகுறி: கட்டுரை கதைச்சுருக்கமாகவே ஓடுகிறது

சோதனை: ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் வட்டமிடுங்கள். பின்னர், அதன்பின், ஒருநாள், இந்நிலையில், இறுதியில். ஐந்தில் மூன்று இப்படி இருந்தால் கட்டுரை கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

சின்னப் பழுது: சுருக்கம் வேண்டியதுதான், ஆனால் ஒரே இடத்தில், ஐந்து வரிக்குள். முன்னுரை முடிந்ததும் அதைச் சொல்லி முடித்துவிட்டு நகருங்கள். படிக்கப்போகிறவர் தமிழாசிரியர், கதை அவருக்குத் தெரியும்.

அதில் தீரவில்லை என்றால் சட்டத்தையே கதையின் வரிசையில் போட்டிருக்கிறீர்கள். கதை எங்கே முடிகிறதோ அங்கே கட்டுரையைத் தொடங்கிப் பாருங்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இதற்கு நல்ல பயிற்சி. 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த சின்னக் கதை. மில்லில் வேலை பார்க்கும் அம்மாளு, ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டும் அவள் புருஷன் முருகேசன். அவன் அடிபட்டுப் படுத்துவிடுகிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். இந்த வரிசையிலேயே எழுதினால் இரண்டு பக்கத்தில் கதையும் தீர்ந்துவிடும், கட்டுரையும் தீர்ந்துவிடும்.

கடைசி வரியிலிருந்து தொடங்கினால்? கற்பு கற்பு என்று கதைக்கிறவர்களைப் பார்த்து, “இதுதான், ஐயா, பொன்னகரம்!” என்கிறார். அந்த ‘ஐயா’ யார்? கதைக்குள் அப்படி ஒருவர் கிடையாது. வெளியே உட்கார்ந்து வாசிக்கிற நாம்தான். அதைப் பிடித்துவிட்டால் கருதுகோள் தானாக வரும்: இந்தக் கதை கற்பைக் கேலி செய்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள், கேலி கற்பின் மீது இல்லை, அதைப் பேசிக்கொண்டிருக்க வசதி உள்ளவர்கள் மீது. இதற்குப் பிறகு சான்றுகள் கதையின் வரிசையில் வர வேண்டிய கட்டாயமே இல்லை. பால் கஞ்சி முதலில் வரலாம், ஏனென்றால் அவள் சம்பாதித்தது புருஷனுக்காகத்தான் என்பது அதில் இருக்கிறது. அடுத்து முக்கால் ரூபாய், ‘பொன்’ என்று பெயர் வைத்த நகரத்தில் அதன் மதிப்பு. மில் வேலை மூன்றாவதாக வந்தால் போதும்.

இதையெல்லாம் செய்தும் பத்திகள் “பின்னர்” என்றே தொடங்கினால் ஆசிரியர் தேவையில்லை. ஒருநாள் தாளை மூடி வைத்துவிட்டு, மறுநாள் ஞாபகத்திலிருந்து சட்டத்தை எழுதுங்கள். கதை மறந்து வாதம் மட்டும் மிஞ்சும்.

அறிகுறி: மேற்கோள் நிறைய இருக்கிறது, கட்டுரையைக் காணோம்

மேற்கோள்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். “என்கிறார் கவிஞர். மேலும், என்ற வரிகள் மூலம் அறியலாம். இதனை, என்ற பாடல் புலப்படுத்துகிறது.” இப்படி வந்தால் மேற்கோள்தான் கட்டுரை எழுதியிருக்கிறது, நீங்கள் கயிறு மட்டும் கட்டியிருக்கிறீர்கள்.

சரிசெய்யும் முறை: மேற்கோளில் எந்த ஒரு சொல்லுக்காக அதை எடுத்தீர்கள்? அந்தச் சொல்லை அடிக்கோடிடுங்கள். கோடு போட ஒரு சொல்லும் இல்லை என்றால் அந்த மேற்கோள் போகட்டும். கோடு போட்ட சொல்லைப் பற்றி இரண்டு வாக்கியம் சட்டத்திலேயே குறித்துவையுங்கள். எட்டு வரிப் பாட்டை முழுதாகப் போட வேண்டாம், இரண்டு வரி போதும். பக்கம் குறைந்துவிடுமே என்பார்கள். குறையும்.

கொஞ்சம் செலவு வைக்கிற காரணம் ஒன்று உண்டு. மேற்கோளே தப்பாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள், அல்லது பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். ‘மாணிக்கம்’ பாதியாகி வந்த கட்டுரையை நான் அடித்திருக்கிறேன். அச்சான புத்தகத்தை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துவையுங்கள். புதுமைப்பித்தனுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வந்த முழுத்தொகுப்பைப் பாருங்கள், இதழில் வந்ததற்கும் நூலில் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்துச் செய்த பதிப்பு அது. கிடைக்கவில்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள். இந்த ஒரு பழுதுக்கு நெறியாளரைவிட நூலகர்தான் சரியான ஆள்.

அறிகுறி: உட்தலைப்புகளை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை

இரண்டாவதை நான்காவது இடத்தில் வைத்தாலும் கட்டுரை அப்படியே இருந்தால், அவை ஒன்றின்மேல் ஒன்று நிற்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு உட்தலைப்பு வாக்கியத்துக்கும் முன்னால் “அப்படியென்றால்” அல்லது “ஆனாலும்” போட்டுப் பாருங்கள். “மேலும்” மட்டும்தான் பொருந்துகிறது என்றால் இரண்டை ஒன்றாக்குங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அறிகுறி: மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்குகிறது

இது இரண்டு வகை. எந்த வகை என்று சட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

சட்டத்தில் வாக்கியங்கள் நிறைய, கீழே பக்க எண்கள் இல்லை. வண்டிக்கு மீறிய சரக்கு. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். பதிகமே மூன்று கருத்தைச் சொல்லிவிடுகிறது: அரசியல் பிழைத்தவர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்து ஊட்டும். கருதுகோளை நூலின் வாசலிலேயே எழுதி வைத்த நூல் அது. உடனே நாமும் மூன்றையும் எடுப்போம் என்று கிளம்பிவிடுகிறார்கள். மூன்றையும் தாங்க அங்கே 3 காண்டம், 30 காதை இருக்கிறது. உங்களிடம் கருத்தரங்கக் கட்டுரைக்கு ஆறு பக்கம். ஒன்றை எடுங்கள். அதிலும் ஒரு காதையை எடுங்கள். வழக்குரை காதையில் சிலம்பு உடைகிறது, முத்தை எதிர்பார்த்த இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொள்கிறான். தீர்ப்பு எழுதிய வாயே தண்டனையும் எழுதுகிறது. ஆறு பக்கத்துக்கு அது போதும்.

இன்னொரு வகை நேர்மாறானது. வாக்கியம் நன்றாக இருக்கும், ஆனால் கதையில் அதற்கு ஒரே ஒரு இடம்தான் கிடைக்கும். அப்போது அதே எழுத்தாளரின் இரண்டாவது கதையைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் இல்லை, நாளைக்கே கொடுக்க வேண்டும் என்றால், உண்மையைச் சொல்லிவிட்டுச் சின்னக் கட்டுரையாகக் கொடுங்கள். ஓரத்தையும் எழுத்து அளவையும் கூட்டி ஆறு பக்கமாக்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. செய்தும் கொடுத்திருக்கிறேன். ஆசிரியருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: சான்று எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது

எனக்குப் பிடித்த பழுது இது. போன வருஷம் ஒரு தம்பி புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையோடு வந்தான். “இது மன்னிப்பின் வெற்றியைச் சொல்லும் கதை” என்பது அவன் வாக்கியம். கோதமர் அகலிகையை ஏற்றுக்கொள்கிறார், சேர்ந்து வாழ்கிறார்கள், சான்று சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டிருந்தான்.

“தம்பி, அகலிகை கடைசில என்ன ஆனா?”

“திரும்பவும் கல்லாயிட்டா, அண்ணாச்சி.”

“ஏன்?”

“சீதைய நெருப்புல இறங்கச் சொன்னத கேட்டு.”

“அத ஏன் எழுதல?”

“எழுதுனா என் பாயிண்ட் போயிருமே.”

போகாது. முதல் சோதனை, விட்டுவிட்ட சான்றைச் சட்டத்தின் நடுவில் சிவப்பில் எழுதுவது. அதை எழுதிய பிறகும் மேல் வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் வாக்கியத்தைத்தான் வளைக்க வேண்டும், சான்றை மறைக்கக் கூடாது. அவன் அரைமணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து எழுதினான்: “கணவன் மன்னித்தாலும், இன்னொரு பெண்ணிடம் நிரூபணம் கேட்கிற உலகத்தில் அகலிகைக்கு விமோசனம் இல்லை.” முன்னால் சேர்த்த சான்று ஒன்றையும் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. கோதமரின் மன்னிப்பு முதல் பகுதிக்குப் போனது, கல் கடைசிக்கு வந்தது. கதையின் தலைப்பே குத்தலாக ஒலிக்கிறது என்று ஒரு பத்தி அவனாகச் சேர்த்தான். அதை அடிக்கும்போது காசு வாங்க மனசு வரவில்லை. வாங்கிவிட்டேன், அது வேறு.

எதிர்ச்சான்றுகள் ஒன்றுக்கு மேல் வந்து வாக்கியத்தை எப்படி வளைத்தாலும் முறிகிறது என்றால் அது உங்கள் கைக்கு மீறியது. சட்டத் தாளை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போங்கள், கட்டுரையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தை அவர் உங்கள் முன்னாலேயே படித்துவிடுவார். 12 பக்கத்தை “வச்சிட்டுப் போ” என்பார்.

அறிகுறி: முடிவுரை முன்னுரையின் ஜெராக்ஸ்

முன்னுரையில் “ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்”, முடிவுரையில் “ஆராயப்பட்டது”. வினைமுற்று மட்டும் மாறியிருக்கும். சட்டத்தில் கடைசி வாக்கியத்துக்கு இடமே விட்டிருக்க மாட்டீர்கள், அதுதான் காரணம். நீங்கள் எடுத்த கருத்தை வைத்துப் பார்த்தால் அதே எழுத்தாளரின் வேறு எந்தக் கதை புதிதாகத் தெரிகிறது என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டுக் கொண்டுவாருங்கள். மற்றதை நான் அடித்து முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். வெளியே பெஞ்சு கிடக்கிறது.